கந்தப்பளையில் ராசு

இலங்கை மலைரயிலில், நானுஓயாவில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போய், அதற்கும் மேலே பட்டிப்பொலயில் இறங்கினேன். எவ்வளவு உயரத்தில் இருக்கும் ஸ்டேஷன் அது என்பது எனக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரிந்தது. ஊட்டியும் குன்னூரும் பழகியவன்தானே என்ற தைரியத்தில், கோயம்புத்தூரில் போட்டுக்கொள்ளும் பருத்திச் சட்டையோடு வந்துவிட்டேன். இது வேறு குளிர். நனைந்த குளிர். துணிக்குள் புகுந்தால் அங்கேயே குடியிருந்துவிடும்.

ஸ்டேஷன் சிப்பந்தி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். முட்டைக்கோசு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆள் அதைத் தமிழில் சொன்னார்.

“இங்கன எறங்குறவங்க ரெண்டு ரகந்தான்னு சொல்றாருங்க. ஒண்ணு வேட்டைக்குப் போற தொரமாரு, இல்லாட்டி தூங்கிப்போனவங்க. ஒங்க கையில துப்பாக்கியக் காணோமேங்குறாரு.”

எல்லோரும் சிரித்தோம். சிப்பந்தி என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கரியடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பாலில்லாத தேத்தண்ணீரும், உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் தந்தார். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். கீழே போகும் ரயில் வரும்வரை அந்த அடுப்பை விட்டு நான் நகரவில்லை. இந்தப் பயணத்தில் மனதாரச் சிரித்தது அந்த ஓர் இடத்தில்தான்.

நான் போனது ராசுவைக் கூட்டிவர. முழுப்பெயர் ராசலிங்கம். எங்கள் மில்லின் கூடைப்பந்து அணியில் நடு ஆட்டக்காரன். நாங்கள் எல்லோரும் பெயருக்கு மில் குமாஸ்தாக்கள், சம்பளம் பந்தாடுவதற்கு. ராசு அந்தப் பெயருக்கும்கூட ஒரு நாள் மேசையில் உட்கார்ந்ததில்லை. ஆறடியைத் தாண்டிய உயரம், அந்த உயரத்துக்குப் பொருந்தாத மெல்லிய பேச்சு. பிறந்தது கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பன்னிரண்டு வயதில் அவனுடைய அப்பா திருச்சியில் உறவுக்காரர் வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். பந்து அங்கேதான் கைக்கு வந்தது. எங்கள் மேனேஜர் ஒரு பள்ளிக்கூடப் போட்டியில் பார்த்து, படிப்பு முடிந்ததும் மில்லுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவனோடு ரங்கூன் போயிருக்கிறோம், பினாங்கு போயிருக்கிறோம். சிங்கப்பூரில் ஒரு சீனர் கழகத்தோடு ஆடியது மறக்காது. நடுவில் மழை. சிமெண்டுத் தளம் எண்ணெய் தடவியது மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கு ஆள் சறுக்கி விழுந்துகொண்டிருந்தபோது ராசு காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். அதற்குப் பிறகு அவன் கையிலிருந்து போன பந்தெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. கடைசியில் தோற்றது நாங்கள்தான். ஆனாலும் சீனர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனது அவனை.

அந்த ஆட்டத்தின் பேச்சு மணிலாவரை போயிருக்கிறது. அங்கே ஒரு கம்பெனி அணி, வருஷ ஒப்பந்தத்தில் அவனை மட்டும் தனியாகக் கேட்டது. முன்பெல்லாம் அணி முழுவதற்கும் சேர்த்து மேனேஜர் ஒரே பத்திரம் வாங்கிவிடுவார். மணிலாவுக்குத் தனியாகப் போவதற்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும்; இலங்கைக்கு மட்டும் என்றால் ஓர் அனுமதிச் சீட்டு போதும். விண்ணப்பித்தால், “பிறந்தது இலங்கையா? அங்கே போய் அங்குள்ள நம் அலுவலகத்தில் இந்தியன் என்று பதிந்துகொண்டு வா” என்றார்கள். சரி, அம்மா இறந்த பிறகு வீட்டுக்கும் போகவில்லை, இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், ஒரு வருஷம் ஆகியும் வரவில்லை. முதலில் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

“தை பிறக்கும்வரை மணிலாக்காரன் பொறுப்பான். நீதானே கேப்டன், போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வா” என்றார் மேனேஜர்.

மறுநாள் காலையில் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் பஸ். பாதித் தூரத்தில் ஒரு வளைவில் பின்சக்கரம் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. ஊரில் என்றால் டிரைவரைத் திட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். இங்கே எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார்கள். ஆண்கள் தள்ளப் போனார்கள், பெண்கள் பாதையோரத்தில் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு குந்தினார்கள். இது வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் சடங்கு போலிருந்தது. நானும் தள்ளினேன். பஸ் ஏறியது, என் வேட்டி இடுப்புவரை சேறு. சிங்கள அம்மா ஒருவர் என்னைப் பார்த்துத் தன் மகளிடம் சொன்னதை நடத்துநர் எனக்குச் சொன்னார்: “வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தால், ஒன்று மாப்பிள்ளை, இல்லையென்றால் சாவுக்கு வந்தவர்.”

கந்தப்பளைக் கடைத்தெருவில் ஹனிபா என்பவருடைய காய்கறிக் கடையில் விசாரித்தேன். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள். ராசலிங்கம் என்றதும் கடைக்குப் பின்புறம் கையைக் காட்டினார்.

லாரியில் லீக்ஸ் என்னும் வெங்காயத்தாள் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்கிக் கொடுத்ததை, லாரியின் பக்கப்பலகைக்கு மேலாக ஒருவன் ஒற்றையாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். கீழே நின்றே வைத்தான். அவ்வளவு உயரம் வேறு யாருக்கு? தாடி வளர்ந்திருந்தது. தோள் முன்பக்கமாக வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினான். ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். வரவில்லை.

“ஏன் அண்ணே வந்தீங்க?” என்றான்.

பிறகு அவனே வெட்கப்பட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டான். நானா இரண்டு தேத்தண்ணீர் வரவழைத்தார். “ஒங்க தோஸ்தா? இந்த மனுசன் ஒரு வருசமா ஏங்கிட்ட வேல செய்றாரு. சிரிச்சு நான் பாத்தது இல்ல” என்றார்.

தோட்டத்தில் ஏன் வேலை பார்க்கவில்லை என்று வழியில் கேட்டேன். தோட்டத்துப் பேரேட்டில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் அங்கே வேலை. சின்ன வயதிலேயே போய்விட்டதால் தன் பேர் அதில் இல்லை என்றான். சுற்றிலும் பச்சை, மேலே வெள்ளை. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் மலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதற்குள்ளிருந்து பெண்கள் பேசுகிற சத்தம் மட்டும் வந்தது. கொழுந்து எடுக்கிறார்கள் என்றான் ராசு.

அவர்கள் வீடு ஒரு லயத்தில் கடைசிக் காம்பிரா. லயம் என்பது வரிசை வீடு; ஒரு குடும்பத்துக்குக் காம்பிரா என்கிற ஓர் அறை, முன்னால் ஒரு நடை. ராசு வாசலில் தலையை மட்டுமல்ல, இடுப்பையே வளைத்து நுழைந்தான். மணிலாவில் அவனுக்கென்று நீளக் கட்டில் செய்து வைத்திருப்பதாக அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். இங்கே மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்தும் அவன் கால் சுவரில் முட்டியது.

அப்பா கருப்பையா மாலையில் மலையிலிருந்து இறங்கினார். கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கழித்து அவருடைய கைகளும் அதேபோல முடிச்சு முடிச்சாக ஆகியிருந்தன. நான் யார் என்று தெரிந்ததும் உட்காரவே மறந்துவிட்டார்.

“தம்பி அந்த சிங்கப்பூர் ஆட்டத்துல இருந்தீங்களா? நேர்ல பாத்தீங்களா?”

“கூடவே ஆடினேனுங்க.”

“சொல்லுங்க தம்பி. இவங்கிட்டக் கேட்டா, மழ பேஞ்சிச்சு, தோத்துட்டோம்ங்குறான்.”

சொன்னேன். மழை, சறுக்கிய தளம், வெறுங்கால், சீனர்கள் தோளில் தூக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்துக் காம்பிராக்காரர்களையும் கூப்பிட்டு மறுபடி சொல்லவைத்தார். ராசு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அடுப்படியில் அவன் தங்கை செல்லம்மா கோதுமை மாவில் தட்டிய கனத்த ரொட்டியைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்குக் கொச்சிக்காய்ச் சம்பல், மிளகாய் இடித்த துவையல். கண்ணில் நீர் வரும் காரம். அந்தக் குளிருக்கு அது இல்லாமல் முடியாது.

தட்டை வைக்கும்போது செல்லம்மா மெதுவாகச் சொன்னாள். “அண்ணன் கையில பந்து இருந்திச்சு. நாங்க கைய நீட்டிக்கிட்டு நிக்கிறோம்.”

அது என்ன என்று மறுநாள்தான் புரிந்தது.

விடியும் முன்பே பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். பெரட்டு என்பது காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. கருப்பையாவும் செல்லம்மாவும் இருட்டிலேயே போய்விட்டார்கள். ராசு என்னைக் கோயில் மேட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு முதல் முறையாக வாயைத் திறந்தான்.

வெள்ளைக்காரன் போனதும் இந்த மலையிலிருக்கும் நம் ஆள்களுக்கு நாடு இல்லாமல் போய்விட்டது. இங்கேயே பிறந்தவர்களும் மனுப் போட்டு, இங்கேதான் இருந்தோம், இங்கேதான் இருப்போம் என்று காட்டினால்தான் பிரஜை. கருப்பையாவும் மனுப் போட்டிருந்தார். வருஷக்கணக்காகக் கிடந்த மனு இப்போதுதான் விசாரணைக்கு வந்திருக்கிறது. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். மனுவில் ராசுவின் பெயரும் இருந்தது. தோட்டத்தில் இருப்பதாக எழுதியிருந்தது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அம்மா இருந்தவரை விடுமுறைக்கு வந்துகொண்டுதான் இருந்தான்.

“செல்லம்மா எட்டாவது பாஸ் பண்ணியிருக்கா அண்ணே. டீச்சர் வேலைக்குப் படிக்கக் கேட்டா. பிரஜையான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. அதான் கொழுந்துக் கூடையத் தூக்கிட்டா.”

“நீ கண்டியில இருக்கற நம்ம இந்திய ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டா உன் வேலை முடிஞ்சுது. மணிலாவுல ஆள் காத்துட்டு இருக்கறாங்க ராசு.”

“போட்டா நான் இந்தியாக்காரன். மகன் இந்தியாக்காரன்னா அப்பன் யாருன்னு கேப்பாங்க. விசாரண முடியிற வரைக்கும் மகன் வீட்ல இருக்கட்டும்னு வக்கீல் சொன்னாரு. வருசம் ஒண்ணு ஓடிருச்சு.”

“விசாரணை எப்ப?”

“நாளைக்கு.”

 அவன் என் பக்கம் திரும்பி, “தப்பா நெனைக்காதீங்க அண்ணே. டவுன்ல யாராவது கேட்டா மாமா மகன்னு சொல்லிருங்க. பந்துன்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க” என்றான். தன் ஆட்டத்தை ஒருவன் திருட்டுப் பொருள் மாதிரி மறைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் விசாரணைக்காக நுவரெலியா போனோம். வெள்ளைக்காரன் தன் ஊரை நினைத்து அழுதுகொண்டே கட்டின ஊர் மாதிரி இருக்கும். செங்கல் தபாலாபீஸ், குதிரைப் பந்தய மைதானம், ரோஜாத் தோட்டம். ஊட்டியிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் ஊட்டியில் நாம் நடு ரோட்டில் நடப்போம். கருப்பையா தெருவின் ஓரம் விட்டு இறங்கவில்லை. யாரோ கொடுத்த பழைய கோட்டு போட்டிருந்தார். வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. ராசுவின் கழுத்து தானாகத் திரும்பியது. நடையின் வேகம் கூடியதே தவிர அவன் நிற்கவில்லை.

விசாரணை நடந்த இடம் நீளமான ஒரு கட்டடம். அதிகாரியின் அறை ஜன்னல்கள் வராந்தாவைப் பார்த்துத் திறந்திருந்தன. வெளியே பெஞ்சில் இருபது முப்பது குடும்பங்கள். நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே நடப்பது காதில் விழுந்தது. அதிகாரி நடுவயதுச் சிங்களவர், சாந்தமான மனிதர். ஆங்கிலத்தில் கேட்டார், ஒரு குமாஸ்தா தமிழில் சொன்னார்.

கருப்பையா நன்றாகவே பதில் சொன்னார். எப்போது பிறந்தார், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எல்லாம் தடுமாறாமல் வந்தது. மனைவி எங்கே என்று கேட்டபோது, “இங்கதாங்க. பதிமூணாம் நம்பர் மலைக்குக் கீழ பொதைச்சிருக்கோம்” என்றார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். இந்தியாவில் நிலம் உண்டா என்று கேட்டார். “எந்த ஊருன்னே எனக்குத் தெரியாதுங்க. எங்கப்பாருக்குத் தெரியும்.” வக்கீல் மேசைக்குக் கீழே ராசுவின் கையைத் தட்டினார். நல்லபடியாகப் போகிறது என்று அர்த்தம்.

கேள்விகள் முடிந்து அதிகாரி காகிதங்களை அடுக்கினார். அப்போது பிள்ளைகள் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார். ராசு எழுந்தான். அதிகாரியின் தலை மேலே மேலே போனது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

“நீங்கள் கூடைப்பந்து ஆடுவீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ராசு தரையைப் பார்த்தான். குமாஸ்தா அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. பாஸ்கட்பால் என்ற ஒரு சொல்லைக் கருப்பையா எந்தப் பாஷையிலும் கண்டுகொள்வார்.

“ஆமாங்க தொர. எம் மகன்தாங்க. ரங்கூனு, சிங்கப்பூரு எல்லாம் போயி ஆடியிருக்கானுங்க.”

செல்லம்மா அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். வக்கீல் இருமினார். ஆனால் அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“வெறுங்காலோடு ஆடியது நீங்களா? நான் அப்போது ஒரு வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தேன். குடை பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நானும் ஆடியவன். என்ன ஓர் ஆட்டம்!” மேசையைச் சுற்றி வந்து ராசுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமாஸ்தாவிடம் சிங்களத்தில் அந்த ஆட்டத்தை விவரித்தார். கருப்பையா இரண்டு கைகளையும் கூப்பிச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பை வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசையில் மனு திறந்திருந்தது. அதைப் பார்த்தார். பிறகு ராசுவைப் பார்த்தார். அவரிடம் வன்மம் எதுவும் இல்லை. குரல்தான் இறங்கிவிட்டது.

“அது இந்திய மில் ஒன்றின் அணி அல்லவா?”

“ஆமாம் ஐயா.”

“அங்கே எப்போது போனீர்கள்?”

பொய் சொல்லியிருக்கலாம். வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் கையைப் பிடித்துக் குலுக்கிய மனிதரிடம் ராசுவுக்குப் பொய் வரவில்லை. உண்மையைச் சொன்னான். திருச்சி, பள்ளிக்கூடம், மில் எல்லாம் சொன்னான். அதிகாரி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

“வருந்துகிறேன். முடிவு முறைப்படி வரும். ஆனால் உங்களுக்கு நான் வீண் நம்பிக்கை கொடுத்து அனுப்பக்கூடாது” என்றார். குமாஸ்தா இதைத் தமிழில் சொல்லும்போது கருப்பையாவின் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன.

 திரும்பும் பஸ்ஸில் பின்சீட்டில் சிங்களத்தில் இரண்டு பேர் உருளைக்கிழங்கு விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தச் சத்தம் இருந்ததே பரவாயில்லை என்றிருந்தது. கந்தப்பளையில் இறங்கும்போதுதான் கருப்பையா, “என்னாலயாடா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. தேதியில ஏதோ கோளாறாம். அந்த ஆளு மொதல்லயே எழுதி வச்சிட்டாரு” என்றான் ராசு.

செல்லம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணனைப் பார்த்தாள். சொல்லாமல் முன்னால் நடந்து போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு, பெரட்டு இல்லை. கருப்பையா விறகு பொறுக்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். சவுக்கு மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, விறகைத் தொடாமலே பேசினார்.

“எனக்குத் தெரியும் தம்பி. வக்கீல் ஐயா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, கேட்டதுக்கு மேல பேசாதீங்கன்னு. எல்லாத்துக்கும் அப்படித்தான் இருந்தேன். ஆனா அந்த தொர எம் மகனப் பாத்தாரு பாருங்க, அப்ப முடியல. இத்தன வருசத்துல எந்த தொரயும் எங்க ஆளு ஒருத்தன அண்ணாந்து பாத்து நான் பாத்ததில்ல.”

 “அதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

“அவன் எனக்காக பொய் சொல்றான். சொல்லட்டும். நான் நம்பிட்டேன்னு இருக்கட்டும். நீங்க அவனக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க. இங்க இருந்தா மூட்ட தூக்கித் தூக்கிக் கூனிப் போயிருவான்.”

ராசு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மேல்முறையீடு இருக்கிறது, வக்கீல் முயன்று பார்க்கலாம் என்கிறார் என்று பிடிவாதமாக இருந்தான். அன்று பகல் முழுக்க அப்பாவும் மகனும் வார்த்தைக்கு வார்த்தை மோதினார்கள். கடைசியில் கருப்பையா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். “நீ போற வரைக்கும் இந்த வீட்ல நான் சாப்புடல” என்றார். இரவும் சாப்பிடவில்லை. விடிந்ததும் ராசு தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றான்.

புறப்படும்போது செல்லம்மா ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. அதற்கு ஒரு நாள் கூலி போகும். ராசு அவள் தலையில் கைவைத்து, “வர்றேன்மா” என்றான்.

“போயிட்டு வாங்கன்னு நான் சொல்லல அண்ணே. வர விடுவாங்களோ என்னமோ.”

கருப்பையா லயத்துக் கோடிவரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. மூடுபனி இறங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது லயமும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

நானுஓயாவில் ஏறி, கண்டிக்கு மாறிப் போனோம். ஹட்டனில் ரயில் நெடுநேரம் நின்றது. எதிர்மேடையில் குடும்பம் குடும்பமாகத் தகரப்பெட்டியோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தியாவுக்குப் போகிறவர்கள் என்றார் வடை விற்றவர். ராசு ஜன்னலை இறக்கிவிட்டான். ரொட்டியைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தான். தான் சாப்பிடவில்லை.

கண்டி இந்திய அலுவலகத்தில் வேலை சுலபமாக முடிந்தது. ராசு வருஷமெல்லாம் பயந்துகொண்டிருந்தது இதற்கா என்று தோன்றியது. பதிந்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். பாஸ்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகும்; அதுவரை தோட்டத்தில் இருக்கிறேன் என்றான். எனக்கு மில்லில் லீவு முடிந்துவிட்டது. கண்டி ஸ்டேஷனில் அவன் மேலே போகும் ரயிலிலும் நான் கீழே போகும் ரயிலிலும் ஏறினோம்.

பொங்கலுக்கு முன் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தான். மேனேஜர் மாலை போட்டார். மில் கேன்டீனில் பையன்கள் சூழ்ந்துகொண்டு அவனுடைய புது பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் அணியில் தனி பாஸ்போர்ட் வைத்திருந்த முதல் ஆள் அவன்தான். அவர்களில் சண்முகம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனான். ஒரு பக்கத்தில் இலங்கை அரசாங்கத்தின் முத்திரை இருந்தது. இந்தியப் பிரஜை ராசலிங்கம் கந்தப்பளையில் தற்காலிகமாகத் தங்கிப்போக அனுமதி என்றும், இத்தனாம் தேதிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

சண்முகத்துக்கு அது படிக்கத் தெரியவில்லை. “பரவாயில்லையே, மணிலா போறதுக்குள்ளயே ஒரு நாட்டு முத்திரை விழுந்திருச்சு. இது எங்க போனதுக்குடா?” என்றான்.

“எங்க வீட்டுக்கு” என்றான் ராசு.

 சண்முகம் பாஸ்போர்ட்டை மூடி, துண்டால் ஒருமுறை துடைத்து, அவனிடம் கொடுத்தான்.